உப்புத் தீவுக்கு ஒரு கூத்துக் கட்டுவது எப்படி?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கற்பனை நாவல் எழுதுகிறார். ஏழ்துறை என்றொரு தீவுக்கூட்டம். உப்பு விளைவித்துப் பிழைக்கிற சனம். அவர்களுக்கு ‘அலையாட்டம்’ என்று ஓர் இசை நாடகம். பன்னிரண்டு பண், ஏழு வாத்தியம், மூன்று வகைப் பாத்திரம், ஆயிரம் வருடமாக மாறாத மரபு, நிலவு வெளிச்சத்தில் கடற்கரை மணலில் ஆட்டம் என்று ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். எல்லாம் இருந்தும் உயிரில்லை என்கிறார். எதை மாற்றுவது, வாத்தியங்களுக்குப் புதுப்பெயர் வைப்பதா, பாட்டுகளை முழுதாக எழுதுவதா, கடைசியில் ஒரு சொல்விளக்கப் பட்டியல் போடுவதா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் அந்த ‘ஆயிரம் வருடமாக மாறாத’ என்பதை வெட்டுங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாறாத கூத்து எந்த ஊரிலும் இல்லை. ‘எங்கள் கூத்தில் ஒரு அடிகூட மாறவில்லை’ என்று அடித்துச் சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அது வேறு கதை. அவர்களை நாவலுக்குள் தாராளமாக விடுங்கள். எழுதுகிற நீங்கள் மட்டும் அவர்களை நம்பிவிடக் கூடாது.

நீங்கள் இருக்கும் கொழும்பையே எடுங்கள். 1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தைப் பற்றிக் கதைக்கிற எவரும் அதைத் தொடாமல் போவதில்லை. எதிரிவீர சரச்சந்திர அதை எதிலிருந்து கட்டினார்? ‘நாடகம’ என்கிற பழைய பாட்டு நாடகத்திலிருந்து. அது எங்கிருந்து வந்தது? நம்முடைய கத்தோலிக்கக் கூத்திலிருந்து. இன்னிசை, விருத்தம் என்ற பாட்டு வகைகள் எல்லாம் கொஞ்சம் உச்சரிப்பு மாறி அங்கே இன்னும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் வாழ்ந்த பிலிப்பு சிஞ்ஞோ என்ற கொல்லரை அந்த வடிவத்தின் தந்தை என்பார்கள். சரச்சந்திரவுக்குப் பழைய மெட்டுகளைக் கொடுத்தவர் அம்பலாங்கொடைப் பக்கத்து சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சே. போதாததற்கு சரச்சந்திர ஜப்பானுக்குப் போய்க் கபுகி என்ற அந்த ஊர் மரபு நாடகத்தையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். கதையோ பௌத்த ஜாதகக் கதை. தமிழ்க் கத்தோலிக்கரின் மெட்டு, கொல்லரின் கைவரிசை, ஜப்பானில் பார்த்த மேடை, ஜாதகக் கதை, எல்லாம் ஒரு பானையில் வெந்துதான் அந்த நாடகம் வந்தது.

பழைய நாடகமவுக்கும் ‘மனமே’க்கும் நடுவில் இன்னொரு காலம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்து இறங்கின. திரை, ஜோடனை, ஹிந்துஸ்தானி மெட்டு, ஆர்மோனியம் என்று ஊரே சொக்கிப்போனது. அதைப் பார்த்துத்தான் ‘நூர்த்தி’ என்ற சிங்கள இசை நாடகம் பிறந்தது. ஜோன் டி சில்வா தன் நாடகங்களுக்கு மெட்டுப் போட இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற இசைக்காரரைக் கொண்டுவந்தார். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தார்கள். சில பத்தாண்டுகளில் சினிமா வந்து அந்த மண்டபத்தையே படக்கொட்டகையாக்கியது. வடக்கில் இதே அலை இன்னொரு விதமாக அடித்தது. யாழ்ப்பாணத்தில் கொட்டகைக் கூத்து என்று ஆடப்பட்ட இசை நாடகம் அந்த வழியில் வந்ததுதான்.

ஆக ஏழ்துறைக்கும் இப்படி அடுக்கடுக்காக வேண்டும். அடியில் ஒரு பழசு, அதன்மேல் கப்பலில் வந்து ஒட்டிக்கொண்டது, அதற்கும் மேலே படித்தவர்கள் வந்து ‘திருத்தியது’. மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சரி, பழசை எப்படி உண்டாக்குவது? என் அபிப்பிராயத்தில் கலையை நேராகக் கற்பனை செய்யவே கூடாது. அந்தச் சனத்துக்கு உள்ள இடைஞ்சல்களைக் கற்பனை செய்யுங்கள். வேலை எப்போது இல்லை, கூரை எங்கே இருக்கிறது, காசு யாரிடம், யாரை மேடையேற விடமாட்டார்கள், அதிகாரி எதைத் தடுத்திருக்கிறான். இவ்வளவும் தெரிந்தால் கூத்துத் தானாக வந்து நிற்கும்.

உலகத்தில் நடந்ததும் அதுதான். ஜப்பானில் 1629இல் பெண்கள் கபுகி மேடையில் ஏறக் கூடாது என்று தடை வந்தது. பையன்களை வைத்து ஆடினார்கள். 1652இல் அதற்கும் தடை. கடைசியில் வளர்ந்த ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அந்த நடிகர்களை ஒன்னகத்தா என்கிறார்கள். இன்று கபுகியின் பெருமையில் பாதி அவர்கள்தான். லண்டனில் 1737இல் ஒரு சட்டம்: வசன நாடகம் போட இரண்டே இரண்டு கொட்டகைகளுக்குத்தான் உரிமை. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? நாடகத்துக்குள் பாட்டையும் வாத்தியத்தையும் செருகி, ‘இது வேறு சாமான்’ என்று சமாளித்தார்கள். 1843 வரை இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. இத்தாலியின் புளோரன்ஸில் சில படிப்பாளிகள், பழைய கிரேக்க நாடகம் முழுக்கப் பாடியே நடந்தது என்று நம்பி அதைத் திருப்பி எழுப்பப் பார்த்தார்கள். 1600ஐ ஒட்டி ஒபெரா பிறந்தது. அழகு வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டு வந்தது இதில் எது?

இப்போது உங்கள் தீவுக்கு வருவோம். உப்பு வெயிலில் விளையும். மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. மட்டக்களப்பில் வெள்ளாண்மை வெட்டி முடிந்தபிறகுதான் கூத்துக்கு ஆயத்தமாவார்கள். கையில் நெல்லும் இருக்கும், நேரமும் இருக்கும். உங்கள் சனத்துக்கு நேரம் கிடைப்பது மழைக்காலத்தில். அப்படியென்றால் நிலவொளியும் மணலும் போய்விட்டன. கவலைப்படாதீர்கள், அது எல்லாருக்கும் வருகிற காட்சிதான்.

மழையில் எங்கே ஆடுவது? அந்தத் தீவில் பெரிய கூரை என்றால் உப்புக் கொட்டில் ஒன்றுதான். ஆனால் மழை தொடங்கும் நேரம் கொட்டில் நிறைய உப்பு. ஆகவே உப்புக் குவியலுக்கு முன்னால் மிஞ்சிக் கிடக்கிற ஒடுங்கிய இடம்தான் களரி. மட்டக்களப்பின் வட்டக்களரி மாதிரிச் சுற்றிவர ஆடமுடியாது. நீளமாகப் போய்த் திரும்பி வரும் ஆட்டம்தான் சரிவரும். பெரியவர்கள் இரண்டு பக்கச் சுவரோடும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் உப்புக் குவியலின் மேல் ஏறியிருப்பார்கள், விடிந்தபின் குதிகாலில் எரிவு என்று அழுவார்கள். மேலே பலகைக் கூரை. மழை அதில் விழுகிற சத்தத்துக்கு நடுவே உங்கள் யாழும் குழலும் என்ன செய்யும்? முதல் இரவிலேயே அடிபட்டுப்போகும். ஏழு வாத்தியத்தில் ஒரு தட்டைப்பறை, ஒரு சோடி சல்லரித் தாளம், ஒரு சங்கு, இவ்வளவும் மிஞ்சும். குரல் உச்சத்தில் ஏற வேண்டும். அப்படி ஏறியும் கடைசி வரிசைக்குக் கேட்காது. எனவே ஒருத்தி பாட, சுவரோரம் நிற்பவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடிக் கடைசிவரை கொண்டுபோவார்கள். பிற்பாட்டு வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஒரு பண்கூட நாம் இன்னும் யோசிக்கவில்லை.

இனிப் பறை. மழைக் குளிர், அதோடு உப்பு ஈரத்தை இழுக்கும். தோல் தொய்ந்து ‘தொப்’ என்று சத்தம் போடும். மலையகத்தில் தப்படிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏழ்துறையிலும் ஒவ்வொரு கட்டம் முடியவும் பறையை நெருப்பில் காட்டியே ஆக வேண்டும். அந்த நேரம் முழுக்க ஆட்டம் நிற்கும். சபை சும்மா இருக்குமா? அங்கேதான் கோமாளி வருகிறான். தாளம் இல்லாத நேரம் என்பதால் அவனுக்குப் பாட்டுக் கிடையாது, வாய்ப்பேச்சு மட்டும். உப்பு விலை, தலைவரின் புது வீடு, போன வருடம் கப்பலேறிப் போய்த் திரும்பாத மருமகன் என்று எல்லாம் வரும். பறை காய்ந்து முதல் அடி விழுந்ததும், அவன் எந்தச் சொல்லில் நின்றாலும் அந்தச் சொல்லோடு நிறுத்த வேண்டும். பாதியில் அறுந்த பகிடியோடு அவன் உள்ளே ஓட, அரசி வருவாள். சனத்துக்குப் பிடித்ததே அவன்தான் என்பதும், சில பறைக்காரர் வேண்டுமென்றே மெதுவாகக் காய்ச்சுவார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம். மரபு பேசும் பெரியவர்களோ ‘கோமாளி நம் கூத்தில் சேர்த்தி இல்லை’ என்பார்கள். ஒருநாள் இரவு பறை காயவே இல்லை, கோமாளி பகிடியை முடித்தே ஆகவேண்டி வந்துவிட்டது என்றால் என்ன நடக்கும்? அந்த அத்தியாயம் உங்களுடையது, நான் கை வைக்கவில்லை.

ஆடுவது யார்? நம்முடைய கூத்தில் நெடுங்காலம் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். சாதி பார்த்த ஊர்களில் களரியும் சாதி பார்த்தது. யார் ராசா வேடம் கட்டலாம், யாருடைய மேளம் எங்கே ஒலிக்கலாம் என்பதெல்லாம் கலைப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. உங்கள் ஐந்து பக்கத்தில் ‘அனைவரும் பங்குபற்றுவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு ஊர் இருந்தால் அதில் நாவல் எழுத என்ன இருக்கிறது? ஏழ்துறையில் வெயில் காலம் முழுக்க ஆண்கள் உப்பேற்றிக்கொண்டு கடலில். உப்பளத்தில் வாருபலகை பிடிப்பவர்கள் பெண்கள். கூடையை எண்ணும்போது பாடும் பாட்டும் அவர்களுடையது. எனவே கூத்தும் பெண்களின் சொத்து. அரசன், அரசி, அசுரன் எல்லாம் அவர்களே. மழைக்கு வீடு திரும்பும் ஆண்கள் பறை காய்ச்சலாம், பார்க்கலாம், மிஞ்சினால் கோமாளியாகலாம். பாடக் கூடாது. அப்படியான ஊரில் நல்ல குரலோடு ஒரு பையன் பிறந்தால் அவன் பாடு என்ன?

கூடை எண்ணும் பாட்டு என்றேன். அதைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். பத்துக் கூடை உப்புக்குப் பதினோராவது கூடை வரி என்று வையுங்கள். பத்துவரை எண்ணிப் பாடுவார்கள்; பதினோராவது அரசாங்கத்துக்குப் போகிறது, அதை யாரும் வாயால் எண்ணமாட்டார்கள். அந்தப் பழக்கம் தாளத்தில் உறைந்துவிட்டது: பத்து அடி, பதினோராவது அடி வெறும் மௌனம். வரி போய் நூறு வருடமாகிறது. இன்று ஆடுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. ‘அது உப்புத்தாய் மூச்சுவிடும் இடம்’ என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகளும் நம்பும். பழைய வரிக் கணக்குப் புத்தகம் ஒன்று யாருடைய பரணிலாவது கிடக்கட்டும். நீங்கள் எழுதிய ஐந்து பக்கத்தையும் எறிய வேண்டாம். அதே புத்தகத்தின் ஓரத்தில் வெளியூர் வரி அதிகாரி எழுதிவைத்த குறிப்பாக அதைப் போடலாம். பன்னிரண்டு பண், ஏழு வாத்தியம் என்று கணக்காக எழுதுவது அந்த மாதிரி ஆளுக்குத்தான் பொருந்தும்.

எந்தக் கலையும் தான் பிறந்த கதையைத் தானே சொல்லிக்கொள்ளும். தெற்கின் கோலம் ஆட்டத்துக்கு மகாசம்மத ராசாவின் மனைவிக்கு மசக்கையில் வந்த ஆசைதான் காரணம் என்பார்கள். முகமூடி ஆட்டம் பார்க்காமல் அவளுக்கு ஆறவில்லையாம். நாட்டிய சாஸ்திரமோ பிரமனிடமிருந்து தொடங்கி, முதல் நாடகத்தைக் கெடுக்க வந்த அசுரர்களை இந்திரன் கொடிக்கம்பத்தால் அடித்தான் என்கிறது. இந்தக் கதைகள் சரியா பிழையா என்பதை விடுங்கள். ஊர் சொல்லும் பிறப்புக் கதையும் நீங்கள் அறிந்த உண்மைக் காரணமும் வேறுவேறாக இருந்தால்தான் அந்த ஊரில் சனம் வாழ்ந்த மாதிரித் தெரியும்.

மூன்று வகைப் பாத்திரம் என்ற உங்கள் பிரிவு மோசமில்லை, ஆனால் அதற்கு வேலை எதுவும் நீங்கள் கொடுக்கவில்லை. யார் எப்போது பாடுவது, எப்போது பேசுவது என்று ஒரு விதி வையுங்கள். சமஸ்கிருத நாடகத்தில் ராசா சமஸ்கிருதம் பேசுவான், வேலைக்காரரும் பெரும்பாலான பெண்களும் பிராகிருதம் பேசுவார்கள். பீக்கிங் ஒபெராவில் உயர்ந்த பாத்திரம் இழுத்து ராகம்போலப் பேசும். கோமாளி தெருவில் கதைப்பது போலவே கதைப்பான். ஏழ்துறையில் இப்படி இருக்கட்டும்: உண்மையை மட்டும்தான் பாடலாம், பொய்யைப் பேச வேண்டும். உப்பும் தாளமும் சேர்ந்த இடத்தில் பொய் பாடினால் நாக்கு வெந்துபோகும் என்று நம்பிக்கை. இதற்குப் பிறகு மேடையில் எதையும் விளக்கத் தேவையில்லை. அமைச்சர் வேடக்காரி இரண்டு கட்டம் முழுக்கப் பாடிக்கொண்டே வந்து, அரசியின் முகத்தைப் பார்த்துத் திடீரென்று வசனத்தில் ‘எல்லாம் நலம்’ என்றால் கொட்டில் முழுக்க மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆண்களைப் பாட விடாததற்கும் இப்போது ஒரு கசப்பான காரணம் கிடைத்துவிட்டது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் எழுதுங்கள்.

சபைக்குக் கதை முன்னமே தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வி. வி. வைரமுத்து மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை ஆடினார். அரிச்சந்திரன் சுடலையில் என்ன ஆவான் என்று தெரியாமல் எவரும் வந்திருக்கமாட்டார்கள். அந்தப் பாட்டை இன்றிரவு எப்படி எடுக்கப் போகிறார் என்று பார்க்கத்தான் சனம் போனது. ஆகவே ‘அடுத்து என்ன நடக்குமோ’ என்று உங்கள் சபை ஏங்குவதாக எழுதாதீர்கள். ‘போன வருடம் இந்த இடத்தில் அவளுக்குக் குரல் உடைந்ததே, இந்த வருடம் தாண்டுவாளா’ என்று ஏங்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவும் கூடாது. மாசியில் காமன் கூத்து நடக்கும் இடங்களில் லாவணிக்காரர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே மல்லுக்கட்டுவார்கள். கதை முடிந்தபின்னும் வழக்கு முடியாது. உங்கள் தீவிலும் அமைச்சர் பொய் சொன்னது சரியா பிழையா என்று மழை விடும்வரை இரண்டு பக்கமும் கயிறு இழுக்கட்டும். கலியாணப் பேச்சுக்கூட அதில் குழம்பலாம்.

போட்டி மோடி ஒன்றும் வேண்டும், அதாவது இன்னொரு ஆட்டப் பாணி. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு. வடமோடியில் பெரும்பாலும் போர், பாரதமும் இராமாயணமும், பாரமான முடி, கூடை கவிழ்த்த மாதிரி விரிந்து நிற்கும் கரப்புடுப்பு, தரை அதிரும் ஆட்டம். தென்மோடியில் உடுப்பு இலேசு, பாட்டு நீளும், காதல் வரும். ஒரு ஊரில் வளர்ந்தவருக்கு மற்ற மோடி கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், வெளியில் சொல்லாவிட்டாலும். ஏழ்துறையில் மேல்தீவுகள் கொட்டில் கூத்தைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். கீழ்த்தீவுகளில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும், வெளியூர்த் தந்தி வாத்தியங்களும் அதோடு இறங்கும். அங்கே கல்மண்டபம் இருப்பதால் மழைச் சத்தம் பிரச்சினை இல்லை, மெல்லப் பாடலாம். ‘அது கப்பல் பாட்டு’ என்று மேல்தீவுக்காரர் முகம் சுளிப்பார்கள். ‘நீங்கள் பாடுவதா, கத்துவதா’ என்று பதில் வரும்.

தலைநகரத்துக்கு இன்னொரு பதிப்பு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் கூத்தை எடுத்துச் சுருக்கினார். 1962இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன். இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. விடியவிடிய ஆடிய கூத்து ஒரு சில மணித்தியாலமானது; வட்டக்களரியில் ஆடியது படச்சட்ட மேடைக்கு ஏறியது. மேடை மாறினால் ஆட்டம் மாறாமல் இருக்குமா? நாலா பக்கமும் இருக்கிறவர்களுக்கு முகம் காட்டிப் பாடியவர் இப்போது ஒரே பக்கத்தைப் பார்த்து நிற்கிறார்; திருப்பித் திருப்பிப் பாடியதில் பாதி தேவையற்றுப் போகிறது. படித்த சபைக்குக் கூத்து மேல் மதிப்பு வந்தது உண்மை. ஊரில் ஆடும் கூத்து மெல்ல இரண்டாம் படிக்குப் போனதா என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. கொழும்பில் இதை நீங்கள் கண்ணால் காணலாம். விடியும்வரை கூத்தாட எந்த மண்டபம் விடப்போகிறது? சபையில் பாதிப்பேர் கடைசி பஸ்ஸை நினைத்தபடிதான் இருப்பார்கள். ஏழ்துறையின் தலைநகரத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை என்று வையுங்கள். பறை காய்ச்ச முடியாது, ஆகவே தோலை மாற்றி வேறு மேளம். ஆகவே இடைவெளி இல்லை. ஆகவே கோமாளி இல்லை. ஊரிலிருந்து வந்த கிழவி ஒருத்தி முடியும்வரை அவனுக்காகக் காத்திருந்துவிட்டு எழும்பிப் போகட்டும்.

பாட்டுகளை முழுதாக எழுத வேண்டாம். வாசகருக்கு மெட்டுக் கேட்காது. நாலு அடிக்கு மேல் போனால் கண் தாவிவிடும். கூத்தில் பாத்திரம் வரும்போது தன்னையே யாரோ போலப் படர்க்கையில் பாடிக்கொண்டு வரும். அந்த வரவுப்பாட்டு உங்களுக்கு உதவும், ஏனென்றால் அறிமுகமும் ஆட்டமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இந்த மாதிரி:

உப்பளந் தன்னிலே ஒளிமுத்து விளைந்திட
ஒய்யார மாய்வரு கிறாளே – அரசி
ஒய்யார மாய்வரு கிறாளே
கப்பலொரு நூறுமே காத்துக் கிடந்திடக்
கண்ணசைத் தேவரு கிறாளே – அரசி
கண்ணசைத் தேவரு கிறாளே

இதைப் பாடுகிறவள் பகலில் அதே உப்பளத்தில் கூலிக்கு வாருகிறவள் என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

வாத்தியத்துக்குப் புதுப்பெயர் தேடி மண்டையை உடைக்காதீர்கள். பறை என்றால் பறை, சங்கு என்றால் சங்கு. தமிழில் எழுதுகிறீர்கள், வாசகருக்குக் காதில் சத்தம் கேட்க வேண்டும். வாயில் நுழையாத பெயரை வைத்து அடிக்குறிப்பில் ‘ஒரு வகைத் தோற்கருவி’ என்று போடுவதால் என்ன லாபம்? உங்கள் ஊருக்கே உரிய ஒரு சாமானுக்கு மட்டும் பெயர் வைக்கலாம். அதுவும் சனம் கூப்பிடுகிற மாதிரி, ‘காய்ச்சுக்கல்’ என்பதுபோல. சொல்விளக்கப் பட்டியலும் வேண்டாம். பழகவந்த சின்னப்பிள்ளை ஒன்றை அண்ணாவியார் இரண்டு பக்கம் ஏச விடுங்கள்; எல்லாச் சொல்லும் அதற்குள் விளங்கிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆட்ட இரவிலிருந்து வேண்டாம். மட்டக்களப்பில் அரங்கேற்றத்துக்கு முன் எத்தனை படி இருக்கிறது பாருங்கள். ஊர் கூடி யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், கடைசி ஒத்திகையாக அடுக்குப் பார்த்தல். அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம், அதன்பின் வீட்டுக்கு வீடு போய் ஆடுவது. ஊரின் காசு, கௌரவம், பழைய பகை எல்லாம் சட்டம் கொடுக்கும் அந்த ஒரு இரவிலேயே வெளியே வந்துவிடும். யாருடைய மகளுக்கு உயரம் இருக்கிறது, யாருடைய மகளுக்குக் குரல் இருக்கிறது, கொட்டிலின் சொந்தக்காரரின் மகளுக்கு இரண்டும் இல்லாவிட்டால் என்ன செய்வது? அந்தக் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். அரசி வேடம் யாருக்கு என்பதில் குறைந்தது மூன்று வீடாவது முகம் முறிக்க வேண்டும். முறிக்காவிட்டால் கொட்டிலுக்கு வாடகை, எண்ணெய், உடுப்பு எல்லாவற்றுக்கும் யார் காசு போடுகிறார்கள் என்று இன்னொருமுறை கணக்குப் பாருங்கள்.